சும்மா இருக்கும்போதும் பிரவுசர் சிபியுவைத் தின்கிறது. நான் பார்க்கப் போனால் அடங்கிவிடுகிறது

எழுத்தாணி கேட்டது:

வணக்கம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவதுதான் என் வேலை. நேர்காணல், கருத்தரங்குப் பேச்சு, குழு விவாதம் என்று எது வந்தாலும் காதில் ஹெட்ஃபோன், கை கீபோர்டில். எழுதுகிற எடிட்டரும் ஒலியை ஓட்டுகிற பிளேயரும் ஒரே வலைப்பக்கத்தில் இருப்பதால் நாளுக்கு ஆறேழு மணி நேரம் பிரவுசருக்குள்ளேயே கழிகிறது.

ஒரு மாதமாக லேப்டாப் ஃபேன் ஓயாமல் இரைகிறது. பேசுகிறவர் வாக்கிய முடிவில் குரலைத் தாழ்த்தும் இடம் எப்போதுமே எனக்குச் சிக்கல். "தரலாம்" என்றாரா, "தரலாமா" என்றாரா? கடைசியில் ஓர் ஆகாரம் சேர்ந்தால் பதில் கேள்வியாகிவிடும். நேற்று அப்படி ஓர் இடத்தைப் பதினைந்து தடவையாவது திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பேன். ஃபேன் இரைச்சலுக்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. சந்தேகக் குறி போட்டுவிட்டு நகர்ந்தேன். அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, தட்டுகிற எழுத்து திரையில் வர அரை நொடி ஆகிறது. கோப்பு சிறியதாக இருக்கும்போது இந்தத் தாமதம் இல்லை. ஏழாயிரம் எட்டாயிரம் சொல்லைத் தாண்டியதும் தொடங்குகிறது.

கணினி விவரம்: இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 2 கோர், 4 த்ரெட், 8 ஜிபி ரேம். லினக்ஸ் மின்ட், ஃபயர்பாக்ஸ். எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை டெர்மினலில் கொடுத்தால் "ஐசோலேட்டட் வெப் கோ" என்று ஒரு வரி 104 சதவீதத்தில் நிற்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு, கீபோர்டைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 104. நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்பதே புரியவில்லை. அந்தப் பெயரைக் கண்டதும் ஏதோ நிறுவனம் உள்ளே புகுந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

கேஷ் எல்லாம் அழித்தேன். பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். மற்ற டேப் எல்லாவற்றையும் மூடினேன். ஒன்றும் மாறவில்லை.

விநோதம் என்னவென்றால், வேறொரு டேபுக்குப் போனால் சில நொடிகளில் ஃபேன் அடங்கிவிடுகிறது. டாப்பில் அதே வரி 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க அபவுட்:ப்ராசஸஸ் பக்கத்தைத் திறந்தேன். அதிலும் எல்லாமே சாது. எடிட்டருக்குத் திரும்பியதும் மறுபடி 104.

எடிட்டர் நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.

நள்ளிரவுப்பறவை:

செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்று இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

எழுத்தாணி:

அணைத்தேன். இப்போது 104 அப்படியே இருக்கிறது, கூடவே ஃபயர்பாக்ஸ் என்ற முதன்மை வரியும் 30க்கு ஏறிவிட்டது. பக்கத்தை உருட்டினால் 60. திரும்ப இயக்கிவிட்டேன்.

திருப்புளி:

ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைக்கச் சொல்வது எல்லா இடத்திலும் கிடைக்கும் முதல் அறிவுரை. டிரைவரில் கோளாறு இருந்தால் அது உதவும். மற்றபடி ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) வரைந்துகொண்டிருந்த திரையைச் சிபியுவின் தலையில் கட்டுகிறோம், அவ்வளவுதான். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் கிராஃபிக்ஸ் பகுதியில் கம்போசிட்டிங் என்ற வரியைப் பாருங்கள். வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் ஜிபியு வரைகிறது. அதனோடு சாஃப்ட்வேர் என்றும் ஒட்டியிருந்தால் சிபியு வரைகிறது. உங்களுக்கு 30 கூடியதை வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே ஜிபியு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த 104. லினக்ஸின் டாப் ஒரு த்ரெட்டை, அதாவது செயலியில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு பாதையை, 100 என்று கணக்கிடுகிறது. உங்களிடம் 4 த்ரெட், ஆக உச்சம் 400. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மொத்தச் செயலியையும் சேர்த்து 100 என்று எடுக்கும். இதே சுமை அங்கே ஏறக்குறைய 26 என்று தெரியும். அங்கே இருப்பவர்கள் "26தானே, பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 4 த்ரெட் உள்ள கணினியில் 25ஐ ஒட்டி ஓர் எண் அசையாமல் நின்றால், 8 த்ரெட்டில் பன்னிரண்டரையை ஒட்டி நின்றால், ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், பக்க அமைப்புக் கணக்கு, நீங்கள் தட்டும் விசையை ஏற்பது எல்லாமே ஒரே முதன்மை த்ரெட்டில் வரிசையில் நின்று நடக்கிற வேலைகள். அந்த வரிசை நிரம்பினால் உங்கள் எழுத்து பின்னால் காத்திருக்கும். மற்ற மூன்று த்ரெட் காலியாகக் கிடந்தாலும் அதற்கு உதவாது. அரை நொடித் தாமதம் அங்கிருந்து வருகிறது.

"ஐசோலேட்டட் வெப் கோ" பற்றிப் பயப்பட வேண்டாம். அது ஐசோலேட்டட் வெப் கான்டென்ட் என்ற பெயரின் துண்டு. லினக்ஸ் கெர்னல் ஒரு ப்ராசஸின் (தனியாக ஓடும் நிரலின்) பெயரில் 15 எழுத்துதான் வைத்துக்கொள்ளும், மிச்சம் வெட்டுப்பட்டுவிடும். 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைகள் வெளியே வந்த பிறகு, ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காதபடி ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில் அடைத்து வைக்கும் முறையை பிரவுசர்கள் தீவிரமாகக் கொண்டுவந்தன. குரோம் கணினிகளில் அந்த ஆண்டே மாறிவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2021 இறுதியில். அந்தத் தனி அறைக்குத்தான் ஐசோலேட்டட் என்று பெயர்.

பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியதால் ஏன் ஒன்றும் மாறவில்லை என்றால், நிறுவலில் நிரல் மட்டும்தான் புதிதாகிறது. உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாமாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்), அமைப்புகள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் உள்ள ப்ரொஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. புது நிரல் அதே பழைய ப்ரொஃபைலை எடுத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் விநோதம். உண்மையில் இந்தத் திரியில் இதுவரை வந்த தகவலில் மிக உருப்படியானது அதுதான். அபவுட்:ப்ராசஸஸ் பக்கத்தை அதே விண்டோவில் இன்னொரு டேபாகத் திறந்தீர்கள், இல்லையா? திறந்த நொடியே எடிட்டர் டேப் மறைந்த டேப் ஆகிவிடுகிறது. மறைந்த டேபின் டைமரை நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் ஓட விடுவதில்லை என்பது ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் 2011 முதலே உள்ள ஏற்பாடு. திரையில் வரைவதற்கான அழைப்புகளும் நின்றுவிடும். நீங்கள் அளக்கப் போனதே அளவை மாற்றிவிட்டது.

கன்ட்ரோல் + என் அழுத்தித் தனி விண்டோ திறந்து, அதில் அபவுட்:ப்ராசஸஸ் போடுங்கள். இரண்டு விண்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடிட்டர் கண்ணில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் 104, 10 என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். பத்துக்கு ஒன்று. நொடிக்குப் பத்து தடவை நடக்கிற ஏதோ ஒன்று, மறைந்ததும் நொடிக்கு ஒரு தடவையாகக் குறைகிறது என்று எனக்குப் படுகிறது. எடிட்டர் பக்கத்தில் நொடிக்குப் பத்து தடவை மாறுகிற எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

எழுத்தாணி:

படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வலது மேல் மூலையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. இந்தக் கோப்பில் எவ்வளவு நேரம் வேலை பார்த்தேன் என்று காட்டும். 02:14:37.6 என்று நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஓடும். ஒலியை நிறுத்தினாலும் அது நிற்காது. அதை நான் பார்ப்பதே இல்லை, ஆனால் அது அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி தனி விண்டோவில் வைத்தேன். எடிட்டர் டேபின் வரி உடனே பட்டியலின் முதலிடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வரி கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் எடிட்டர் தளம்தான் காரணம், இல்லையா? புகாரில் கடிகாரத்தையும் சேர்த்துவிடட்டுமா?

திருப்புளி:

பொறுங்கள், புகாரை இப்போது அனுப்ப வேண்டாம். ஒரு கடிகாரம் நொடிக்குப் பத்து தடவை ஒரு சிறு எழுத்தை மாற்றுவது ஒரு த்ரெட்டை நிரப்பாது. பத்து வருடப் பழைய கணினியிலும் அது ஒன்றிரண்டு சதவீத வேலை. நொடிக்குப் பத்து தடவை நடந்து 100 சதவீதம் ஆகிறதென்றால், ஒவ்வொரு தடவையும் 100 மில்லிநொடி உழைக்கிற ஏதோ இருக்கிறது. கோப்பு பெரிதாக ஆக வேகம் குறைகிறது என்றும் சொன்னீர்கள். ஆக அந்த 100 மில்லிநொடியில் உங்கள் முழு எழுத்தும் படிக்கப்படுகிறது என்பது என் சந்தேகம்.

எக்ஸ்டென்ஷன்ஸ் வரி பூஜ்யமாக இருப்பதை நம்ப வேண்டாம். அங்கே தெரிவது எக்ஸ்டென்ஷனின் பின்னணிப் பகுதி மட்டும். பக்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிற அதன் கான்டென்ட் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தின் ப்ராசஸிலேயே ஓடும். செலவும் பக்கத்தின் கணக்கில்தான் ஏறும். விருந்தாளி சாப்பிட்டதற்கு வீட்டுக்காரர் பெயரில் பற்று எழுதுவது மாதிரி. இதனால் எத்தனையோ தளங்கள் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியிருக்கின்றன.

ஒரு சோதனை: ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட் மோட் இருக்கிறது. அதில் எல்லா எக்ஸ்டென்ஷனும் அணைந்திருக்கும். அதே கோப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பாருங்கள். அந்த மோடில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் சேர்ந்து அணையும், அதனால் முதன்மை ஃபயர்பாக்ஸ் வரி கொஞ்சம் ஏறினால் கண்டுகொள்ள வேண்டாம். ஐசோலேட்டட் வரியை மட்டும் கவனியுங்கள்.

பழையவிசை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காரணமில்லாமல் ஒரு பக்கம் சிபியுவை நிரப்பினால் நாணயச் சுரங்கம், அதாவது நம் கணினியின் உழைப்பில் வேறு யாருக்கோ மின்நாணயம் ஈட்டும் ஸ்கிரிப்ட், இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்ற சேவை வந்த பிறகு, பார்க்க வருகிறவர்களின் செயலியில் மொனேரோ என்ற மின்நாணயத்தைத் தோண்டுகிற ஸ்கிரிப்ட் பல தளங்களில் புகுந்தது. டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சின்ன விண்டோவைத் திறந்து வைக்கும் வித்தையும் அப்போது இருந்தது. பிரவுசரை மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது உள்ளே தோண்டிக்கொண்டிருக்கும். 2019 மார்ச்சில் காயின்ஹைவை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஃபயர்பாக்ஸ் 69 முதல் இப்படிப்பட்ட தெரிந்த ஸ்கிரிப்ட்களை இயல்பாகவே தடுக்கிறது.

விண்டோஸில் இருப்பவர்கள் இந்தத் திரியைப் படித்தால் இன்னொன்று. ஃபயர்பாக்ஸ் ஓடும்போதெல்லாம் விண்டோஸின் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள் எகிறுவதாக 2018இல் மொசில்லாவின் வழுப் பட்டியலில் ஒரு புகார் பதிவானது. ஐந்து வருடம் கழித்து, 2023இல் டிஃபெண்டர் புதுப்பிப்பு ஒன்றில்தான் அது தீர்ந்தது. எகிறுவது பிரவுசரா, அதைக் காவல் காக்கிற நிரலா என்று டாஸ்க் மேனேஜரில் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது.

திருப்புளி:

சுரங்கம் என்றால் பெரும்பாலும் ஒரு த்ரெட்டோடு நிற்காது, இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். இங்கே கச்சிதமாக ஒன்று மட்டும், அதுவும் கோப்பின் நீளத்தோடு சேர்ந்து வளர்கிறது. அதனால் அந்த வழியில் நான் தேடவில்லை.

எழுத்தாணி:

ட்ரபிள்ஷூட் மோடில் அதே கோப்பு, அதே கடிகாரம். ஐசோலேட்டட் வரி 3. தட்டிய எழுத்து தட்டிய கணமே வருகிறது.

ஆக எக்ஸ்டென்ஷன்தான். என்னிடம் 11 இருக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதா?

திருப்புளி:

பாதி பாதியாக அணைத்தால் நான்கு சுற்றில் முடிந்துவிடும். ஆனால் உங்களிடம் பொறுமை இருப்பது தெரிகிறது, பதினைந்து தடவை ஒரே இடத்தைக் கேட்டவர். அதனால் ப்ரொஃபைலரைச் சொல்லித் தருகிறேன். ஒரு தடவை பழகிவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

ஃபயர்பாக்ஸ் ப்ரொஃபைலர் தளத்துக்குப் போனால் அதன் பட்டனை டூல்பாரில் சேர்த்துவிடலாம். எடிட்டரைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 1 அழுத்துங்கள். பத்து நொடி பொறுங்கள். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 2 அழுத்தினால் பதிவு ஒரு புதுப் பக்கமாக விரியும். இது ஒரு மில்லிநொடிக்கு ஒரு தடவை "இப்போது எந்த வேலை நடக்கிறது" என்று எட்டிப் பார்த்துக் குறித்து வைக்கிற கருவி. ஒலிநாடாவை எழுத்தாக்குகிற மாதிரியேதான், த்ரெட் பேசியதை எழுதி வைக்கிறது.

இடப்பக்கம் த்ரெட்களின் பெயர் இருக்கும். எடிட்டர் தளத்தின் பெயருள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கால் ட்ரீ என்ற பகுதியில் பெரிய சதவீதம் உள்ள வரியைத் திறந்துகொண்டே கீழே போங்கள். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் அந்த வேலை எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று மங்கலாக எழுதியிருக்கும். அது எடிட்டர் தளத்தின் முகவரியா, மோஸ்-எக்ஸ்டென்ஷன் என்று தொடங்குகிற முகவரியா என்று பாருங்கள்.

ஒன்று முக்கியம். இந்தப் பதிவு உங்கள் கணினியிலேயேதான் இருக்கும். அப்லோட் பட்டனை நீங்களாக அழுத்தினால்தான் வெளியே போகும். உங்கள் வேலையில் மற்றவர்களின் பேச்சு இருக்கிறது, அதனால் இங்கே இணைப்புப் போட வேண்டாம். பார்த்ததை வாயால் சொல்லுங்கள், போதும்.

எழுத்தாணி:

செய்தேன். ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் ஒவ்வொரு நிமிடமும் பயனுள்ளதாக இருந்தது.

மேலே வரைபடம் சீப்பின் பற்கள் மாதிரி இருந்தது. ஒரு நொடிக்குப் பத்துப் பல், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அடுத்ததைத் தொடுகிற அளவுக்கு அகலம். இடைவெளி மயிரிழைதான். ஒரு பல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் மிக மெல்லிய கோடு ஒன்று, அதில் எடிட்டர் தளத்தின் முகவரி. அது கடிகாரத்தின் எழுத்தை மாற்றுகிறது. ஒரு மில்லிநொடிகூட இல்லை. அதை ஒட்டியே ம்யூட்டேஷன் அப்சர்வர் என்று ஒரு வரி, அதற்குக் கீழே மிச்ச நேரம் முழுவதும் மோஸ்-எக்ஸ்டென்ஷன்.

முகவரியில் பெயருக்குப் பதிலாக நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு இருந்தது. அபவுட்:டீபக்கிங் பக்கத்தில் இந்த ஃபயர்பாக்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் அந்தக் குறியீடு போட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தேன். என் பிழைதிருத்தி எக்ஸ்டென்ஷன்! வேலையில் எழுத்துப்பிழை வரக் கூடாது என்று மூன்று மாதத்துக்கு முன் நானே தேடிப் போட்டது. போன மாதம்தான் பெரிய பெரிய கோப்புகளாக வரத் தொடங்கின. அதனால்தான் "ஒரு மாதமாக" என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. பிரச்சினை மூன்று மாதமாகவே இருந்திருக்கிறது, கோப்பு சிறியதாக இருந்ததால் தெரியவில்லை.

அதை மட்டும் அணைத்தேன். 104 இருந்த இடத்தில் 4. ஃபேன் மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. கடிகாரத்தில் ஓடுவது எண்கள். அதில் எழுத்துப்பிழை பார்க்க என்ன இருக்கிறது?

திருப்புளி:

அருமையாகப் படித்திருக்கிறீர்கள்.

ம்யூட்டேஷன் அப்சர்வர் என்பது பிரவுசரே தரும் ஒரு வசதி. "இந்தப் பக்கத்தில் எது மாறினாலும் என்னைக் கூப்பிடு" என்று ஒரு ஸ்கிரிப்ட் சொல்லி வைக்கலாம். எங்கே, என்ன மாறியது என்ற பட்டியலையும் பிரவுசர் கையில் கொடுத்துவிடும். பொறுப்பாக எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன் அந்தப் பட்டியலைப் பார்க்கும். மாறியது நீங்கள் எழுதுகிற பெட்டிக்கு வெளியே என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள்தான் என்றாலும் மாறிய பத்தியை மட்டும் படிக்கும். அதுவும் நீங்கள் தட்டுவதை நிறுத்தி ஒரு நொடி ஆகட்டும் என்று காத்திருக்கும்.

உங்களுடையது பட்டியலைப் பார்க்காமல், கூப்பிட்டதும் எழுந்து முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படிக்கிறது போலிருக்கிறது. கடிகாரம் நொடிக்குப் பத்து தடவை கூப்பிடுகிறது. தட்டும் ஒவ்வொரு விசைக்கும் இன்னொரு தடவை. 500 சொல் கோப்பில் இதை யாரும் உணர மாட்டார்கள். இதை எழுதியவரும் சின்னப் பெட்டிகளில்தான் சோதித்துப் பார்த்திருப்பார்.

கடிகாரம் தனியாகத் தப்பில்லை. எக்ஸ்டென்ஷனும் வேறு பக்கங்களில் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கும்போதுதான் வினை. அதனால் எடிட்டர்காரர்களிடம் கேட்டால் "எங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறதே" என்பார்கள். எக்ஸ்டென்ஷன்காரர்களும் அதையே சொல்வார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். உங்கள் கையில் அந்தச் சீப்பு வரைபடம் இருப்பதால்தான் இப்போது அவர்களோடு உருப்படியாகப் பேச முடியும்.

எக்ஸ்டென்ஷனின் அமைப்பில் "இந்தத் தளத்தில் இயங்காதே" என்று ஒரு பட்டியல் இருக்கிறதா பாருங்கள். குரோமில் இருப்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்திலேயே எந்தெந்தத் தளத்தில் இயங்கலாம் என்று கட்டுப்படுத்த வழி உண்டு. உங்களுக்கு நான் சொல்வது தனி ப்ரொஃபைல்: அபவுட்:ப்ரொஃபைல்ஸ் பக்கத்தில் வேலைக்கென்று ஒன்று உருவாக்கி, அதில் எடிட்டருக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே உள்ள சாதாரணப் பிழைதிருத்தி எழுதுகிற இடத்தை மட்டும் பார்க்கும், அது போதும் என்றால் இன்னும் நல்லது.

நள்ளிரவுப்பறவை:

என் அறிவுரை தப்பாகப் போனதற்கு வருந்துகிறேன். இந்தத் திரியைப் படித்துவிட்டு என் கணினியிலும் பார்த்தேன். டாப்பில் ஆர்டிடி ப்ராசஸ் என்ற வரிதான் எனக்கு எகிறுகிறது, வீடியோ பார்க்கும்போது மட்டும். இதுவும் எக்ஸ்டென்ஷனா?

திருப்புளி:

இல்லை. ஆர்டிடி என்பது ஒலி, ஒளியை விரித்துத் தருகிற தனி ப்ராசஸ். அது எகிறினால் வீடியோவை ஜிபியுவுக்குப் பதில் சிபியு விரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வீடியோ எந்தக் கோடெக்கில் (சுருக்கும் முறையில்) வருகிறது, உங்கள் சில்லுக்கு அது தெரியுமா என்பதுதான் கேள்வி. இன்டெலில் விபி9 முழுமையாகக் கைகொடுப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து, ஏவி1 பதினொன்றாம் தலைமுறையிலிருந்து. ஹெச்.264 பழைய சில்லுகளுக்கும் தெரியும். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் மீடியா பகுதியில் எந்தக் கோடெக்குக்கு ஹார்டுவேர் ஆதரவு இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு. ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, முதலில் அதைத் திரும்ப இயக்குங்கள். அதற்குப் பிறகும் எகிறினால் தனித் திரி தொடங்குங்கள், வந்து பார்க்கிறேன்.

எழுத்தாணி:

வேலைக்கென்று தனி ப்ரொஃபைல் வைத்துவிட்டேன். நேற்றும் இன்றும் முழு நாள் ஓட்டியாயிற்று. 9,000 சொல் கோப்பில் 4லிருந்து 6, ஒலி ஓடும்போது 12. ஃபேன் பெரும்பாலும் சுற்றுவதே இல்லை.

எடிட்டர்காரர்களுக்கு எழுதி வைத்திருந்த புகாரை அழித்துவிட்டேன். அதற்குப் பதில் இரண்டு கடிதம் எழுதினேன். எக்ஸ்டென்ஷன் எழுதியவருக்கு, கோப்பின் நீளத்தையும் பத்து நொடிப் பதிவில் பார்த்ததையும் விவரித்து, வெறும் பொய் வாசகம் நிரப்பிய ஒரு சோதனைக் கோப்பின் பதிவை இணைத்தேன். மற்றவர்களின் பேச்சு எதுவும் அதில் இல்லை. எடிட்டர்காரர்களிடம், கடிகாரத்தை நொடிக்கு ஒரு தடவை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். எனக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி தேவையே இல்லை.

திருப்புளி, உங்களுக்கு மிகுந்த நன்றி. இன்று காலை அந்தச் சந்தேகக் குறி போட்ட இடத்துக்குத் திரும்பப் போனேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது தடவையிலேயே கேட்டுவிட்டது. "தரலாமா" என்றுதான் சொல்லியிருக்கிறார், கடைசி ஆகாரத்தை மூச்சோடு சேர்த்து விழுங்கிவிட்டார். திருத்திக் கோப்பை அனுப்பிவிட்டேன்.